கண்ணீரில் வேரூன்றிய கல்லூரி

பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட யாழ்ப்பாணத்தில், 1824 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை ஆரம்பித்தார். அவர் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய். அமெரிக்காவுக்கு அனுப்பிய மூத்த மகன் சாள்ஸ் 1832 இல் அங்கே இறந்தான். 1833 ஜனவரி 14 அன்று, 36 வயதில், அம்மையாரும் உடுவிலில் கண்மூடினார்.

பாடசாலை நின்றுவிடவில்லை. அவருடைய தங்கையர் மூவர் பின்னர் கடல் கடந்து மிஷன் பணிக்கு வந்தனர். ஒருவர் 1838 இல் கணவரோடு வாந்திபேதிக்குப் பலியானார். 1840 இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் 1883 இல் இறக்கும்வரை தாயகம் திரும்பவேயில்லை. மணம் முடிக்காத அவரை ‘ஆயிரம் புத்திரிகளின் தாய்’ என்று அழைத்தனர்.

துன்பம் தானாக எவரையும் உயர்த்துவதில்லை; மனதைக் கசப்பாக்கவும் அதற்கு முடியும். பிள்ளையை இழந்த தாய் ஊரார் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்றாரே, அங்கேதான் விசுவாசம் வளர்ந்தது.

1995 இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும் எம்மிடையே உள்ளனர். பழைய மாணவிகளே, எமது இழப்பு இன்னொரு பிள்ளையின் படிப்புக்கு உதவுமானால், அந்த அன்னையரின் பாடத்தை நாமும் கற்றவர்களாவோம்.