பார்வைக் குறைபாடுள்ள பதின்வயதினரின் உடற்செயற்பாடு

பார்வைக் குறைபாடுள்ள பதின்வயதினரின் உடற்செயற்பாடு என்பது முழுப் பார்வையின்மையோ குறைபார்வையோ உடைய 13 முதல் 19 வயது வரையிலானோர் ஈடுபடும் விளையாட்டு, உடற்பயிற்சி, நடை முதலியவற்றைக் குறிக்கும். 5 முதல் 17 வயதினர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலை வருத்தி இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரை. மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே அளவுதான். எனினும் பார்வைக் குறைபாடுடையோர் தம் வயதொத்த பிறரைவிடக் குறைவாகவே இயங்குவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

காரணங்கள்

பார்வையின்மை தசைகளின் வலிமையைக் குறைப்பதில்லை. ஓடுவதையும் எறிவதையும் பிற குழந்தைகள் கண்டே கற்றுக்கொள்கின்றன. பார்வையற்ற குழந்தைக்கோ ஒவ்வோர் அசைவையும் ஒருவர் கற்பிக்க வேண்டியுள்ளது. அடிபட்டுவிடும் என்று பெற்றோர் தடுப்பதும் உண்டு. உடற்கல்வி வேளையில் இம்மாணவரை ஓரமாக அமர்த்தி எண்ணிக்கை சொல்லவைப்பது பங்கேற்பு ஆகாது.

கற்பிக்கும் முறைகள்

"இப்படிச் செய்" என்பது இங்கு பயன்படாது. "வலக்கையைத் தோள் உயரத்திற்கு உயர்த்து" என்பது போன்று சொல்லால் விளக்குதல், ஆசிரியரின் கைகால் நிலையை மாணவர் தொட்டறிதல், மாணவரின் கையைப் பிடித்து அசைத்துக் காட்டுதல் ஆகியன வழக்கிலுள்ளன. ஓட்டத்தில் உடன் ஓடும் வழிகாட்டியும் மாணவரும் ஒரு குறுங்கயிற்றின் இரு முனைகளைப் பற்றிக்கொள்வர். இருவர் மிதிவண்டியில் பார்வையுள்ளவர் முன்னிருக்கையில் அமர்வார்.

கோல்பால்

பெரும்பாலான விளையாட்டுகள் பார்வையற்றோருக்காக மாற்றியமைக்கப்பட்டவை. கோல்பால் அவர்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946 இல் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் லோரன்சன், ஜெர்மனியின் செப் ரைண்டில் ஆகியோர் இதை உருவாக்கினர். 1976 டொராண்டோ பாராலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியானது.

ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. அணிக்கு மூவர். மணிகள் இடப்பட்ட பந்தின் எடை 1.25 கிலோகிராம், அதாவது கூடைப்பந்தின் எடையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பந்து தரையைத் தொட்டு ஒலித்தே வரவேண்டும். எதிரணியினர் ஒலி கேட்டுக் குறுக்கே பாய்ந்து உடலால் தடுப்பர். கோடுகளின் அடியில் கயிறு இருப்பதால் தொட்டே இடமறியலாம். அனைவரும் கண்மறைப்பு அணிவதால் குறைபார்வை உடையோருக்கும் தனிச் சலுகை கிடைப்பதில்லை. ஆட்டத்தின்போது பார்வையாளர் அமைதி காக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

குறைபாட்டின் காரணத்தைப் பொறுத்துச் சில கட்டுப்பாடுகள் உள்ளன. விழித்திரை விலகும் வாய்ப்புள்ளோர் தலையில் அடிபடக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். கண் அழுத்த நோய் உடையோருக்குச் சிரசாசனம் போன்ற தலைகீழ் நிலைகள் ஏற்றவையல்ல. இவை விழியின் உள்ளழுத்தத்தை உயர்த்துகின்றன. ஆயினும் நடை, நீச்சல் போன்றவற்றுக்குப் பெரும்பாலோர்க்குத் தடையில்லை. எவற்றைத் தவிர்ப்பது என்பதைக் கண் மருத்துவரிடம் கேட்டறியலாம்.