புதிய நூல் வந்த நாள்: குரோஷா, ரேந்தை கைவேலைகளின் வரலாறு

குரோஷா என்பது ஒரே ஒரு கொக்கி ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பின்னும் கைவேலை ஆகும். பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும் சொல்தான் நம் பேச்சில் குரோஷா ஆயிற்று. ஸ்வெட்டர் பின்னுவது வேறு. அதற்கு இரண்டு நீண்ட ஊசிகள் வேண்டும். ரேந்தை பின்னும் முறைகளில் ஒன்று இன்னும் நுட்பமானது. ஒரு திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி வைத்து, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய பல நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது அது. ரேந்தை என்ற சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து நமக்கு வந்தது. இலங்கைத் தமிழரிடம் அது இன்றும் வழங்குகிறது.

இந்தக் கைவேலைகள் தெரிந்தவர்களுக்குப் புதிய நூல் கைக்கு வரும் நாள் ஒரு சிறிய பண்டிகை. சிட்டத்தைப் பிரித்து, ஒருவர் இரு கைகளிலும் மாட்டிப் பிடித்துக்கொள்ள மற்றவர் உருண்டையாகச் சுற்றுவார். உதவிக்கு ஆள் இல்லாத வீட்டில் நாற்காலியின் முதுகு அந்த வேலையைச் செய்யும். ஆனால் இந்த மகிழ்ச்சி எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. நூலைக் கொடுத்தவர் யார், பின்னி முடித்தது யாரிடம் போயிற்று என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறி வந்திருக்கிறது.

நாகர்கோவில் ரேந்தை

தென்னிந்தியாவில் இதன் பழைய அத்தியாயங்களுள் ஒன்று நாகர்கோவிலில் நடந்தது. அப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-இல் அங்கு வந்தனர். 1821 அளவில் மார்த்தா, பெண் பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக் கொடுக்கத் தொடங்கினார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. படிப்போடு கையில் ஒரு தொழிலும் சேர்ந்ததால் பள்ளி நிலைத்தது என்பது என் கருத்து.

அக்காலத் திருவிதாங்கூரில் மனிதரை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி நடந்தன. ரேந்தை விற்றுக் கிடைத்த கூலியைச் சேர்த்து, அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்கின்றன. அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை 1855-இல்தான் வந்தது. அதற்கு முன்பே சில பெண்கள் நூலைக் கொண்டு அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். அப்படிப்பட்ட பெண்ணின் மடியில் புதிய நூல் வந்து விழும்போது அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எழுதி வைக்க யாரும் இல்லை. அடுத்த கூலி வரும் என்பதற்கு அந்த நூலே சாட்சி. அது மட்டும் தெளிவு.

இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். இந்தப் பெண்கள் பின்னிய ரேந்தையை வாங்கியவர்களில் ஐரோப்பியக் குடும்பத்தினர் முக்கியமானவர்கள். துரைசானிகளின் உடைக்கு விளிம்பாக அது அழகு செய்தது. அதே ஆண்டுகளில்தான் அந்த மண்ணின் பெண்கள் தங்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் போராடி அடி வாங்கினார்கள். நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசு 1859-இல் இசைந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையுடன். பாடநூலில் தோள்சீலைப் போராட்டம் ஒரு பக்கத்திலும் கைவேலைப் பயிற்சி வேறொரு பக்கத்திலும் வருகின்றன. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844-இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். நெல்லைச் சீமையின் இடையன்குடிக்கு ரேந்தைப் பின்னல் எலைசா வழியாகப் போயிற்று. கணவரின் புகழ் நாடெங்கும் தெரியும். இடையன்குடிப் பெண்களுக்கு இவர் கொடுத்த தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

ஏறக்குறைய இதே காலத்தில் அயர்லாந்திலும் இது போன்ற ஒன்று நடந்தது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, கன்னியாஸ்திரீகள் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்றுக் கொடுத்தனர். பல குடும்பங்களுக்கு அந்தக் கொக்கி ஊசி கஞ்சி ஊற்றியது.

நூலைக் கொடுத்துப் பூவை வாங்கியவர்கள்

கதையின் மறுபக்கம் ஆந்திராவின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் உள்ள நரசாபுரத்தில் இருக்கிறது. அங்கும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகவே குரோஷா வந்தது. பின்னர் அது ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்து வியாபாரிகள் கைக்குப் போனது. தரகர் நூல் கொண்டுவந்து தருவார். பெண்கள் வீட்டிலிருந்தபடியே பூக்களைப் பின்னுவார்கள். அவற்றை ஒன்றாக இணைப்பது இன்னொருவர் வேலை. முழு விரிப்பு எப்படி இருக்கும், எந்த நாட்டில் எந்த மேசையில் கிடக்கும் என்பதைப் பின்னியவர் பார்ப்பதில்லை.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் இவர்களைப் பற்றி ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். இப்பெண்கள் தொழிலாளர் என்று எண்ணப்படவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ பின்னுகிறவர்கள் என்றே கருதப்பட்டனர். அதனால்தான் கூலி அவ்வளவு குறைவாக இருந்தது என்று அவர் காட்டினார். ஓய்வு நேர வேலை என்று பெயர் வைத்துவிட்டால் கூலியைக் குறைப்பது எவ்வளவு எளிது!

இது குரோஷாவுக்கு மட்டும் உரியதன்று. கோலியனூரிலிருந்து புதுச்சேரி சாலையில் போனால் வருவது வளவனூர். அதை அடுத்த சிறுவந்தாடு பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். கூலிக்கு நெய்யும் தறிக்காரர் எங்கும் பாவும் ஊடையும் பிறரிடம் வாங்கித்தான் நெய்கிறார். நூல் வந்தால் தறி ஓடும், வராவிட்டால் நிற்கும்.

எங்கள் பக்கம்

கோலியனூர், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கம்பளிச் சட்டைக்கு அதிகம் வேலையில்லை. மார்கழிப் பனிக்கு ஒரு மப்ளர் போதும். இருந்தும் குரோஷாவும் உல்லன் நூலும் இங்கு வந்து சேர்ந்தன. அதற்கு வழி செய்தவர்களில் முக்கியமானவர் பள்ளித் தையல் ஆசிரியை. அரசு நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் தையல் பாடத்தில் லோயர், ஹையர் என்ற இரு நிலைகளையும் முடித்தவர்களே அந்தப் பணிக்கு வந்தனர். ஓவியம், இசை ஆசிரியர்களைப் போலவே இவர்களையும் பள்ளிகள் இரண்டாம் வரிசையில்தான் வைத்தன. ஆனால் பிள்ளைகள் பரீட்சை பயமில்லாமல் உட்கார்ந்த வகுப்பு அது ஒன்றே. வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தபோது அதன் மேல் ஒரு குரோஷா விரிப்பு ஏறியது. உல்லனில் வாசல் தோரணமும் குழந்தைக்குக் குல்லாயும் வந்தன.

நூலும் நம் மாநிலத்தோடு தொடர்புடையதே. ஹார்வி சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாபநாசத்திலும் மதுரையிலும் தொடங்கிய நூற்பாலைகள், 1974-இல் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. கடைகளில் ஆங்கர் என்ற பெயரில் கிடைக்கும் பூவேலை நூலும் குரோஷா நூலும் கோட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவை.

பின்னாளில் பிளாஸ்டிக் ஒயர் வந்தது. சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுகளுக்குப் பெயர் வைத்துக் கூடை போடாத தெரு இல்லை என்னும் அளவுக்குப் பரவியது. குரோஷாவை அது ஓரம் தள்ளியது உண்மை. ஆனால் இங்கே தரகர் இல்லை. தானே நிறம் பார்த்து ஒயர் வாங்கி, தானே போட்டு, தானே விலை சொல்லி விற்றார்கள். நரசாபுரத்துப் பெண்களுக்குக் கிடைக்காத சுதந்திரம் இது.

இப்போது கைபேசியில் காணொளி பார்த்துக் குரோஷா கற்கும் மாணவிகள் மீண்டும் தென்படுகிறார்கள். அவர்களுக்கு இரண்டு குறிப்புகள். குரோஷா நூலில் எண் கூடக் கூட நூல் மெலிதாகும். தொடக்கத்தில் 40-ஐ விட 20-ஆம் எண் கைக்கு அடங்கும். உறையின் மேல் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண்ணும் அச்சிட்டிருக்கும். பெரிய விரிப்பு என்றால் அந்த எண் ஒன்றாக உள்ள உருண்டைகளை ஒரே தடவையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி வாங்கினால், வெள்ளையிலும்கூட நிறம் சற்று மாறிவிடும்.