66 கூப்பனும் பழைய சேலையும்

செப்டம்பர் பாதி தாண்டினால் போதும், இங்கே இங்கிலாந்தில் துணிக்கடைக் கண்ணாடி எல்லாம் பழுப்பு, காவி, கரும்பச்சை என்று நிறம் மாறிவிடும். இலையுதிர் காலத்துக்கு என்ன வாங்கலாம் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும். சில வருஷமாக அதில் ஒரு புது ராகம் சேர்ந்திருக்கிறது. நாற்பத்தைந்து தாண்டிய பெண்மணிகள் புதுசா எதுவும் வாங்க வேண்டாமாம், அலமாரியில் இருப்பதை வைத்தே குளிர்காலத்துக்குப் புதுக்கோலம் பண்ணிக்கொள்ளலாமாம். ஏதோ நேற்றுத்தான் கண்டுபிடித்த மாதிரி!

இதற்கு ஒரு சரித்திரம் இருக்குங்க. அதில் பாதி நான் இப்போது இருக்கும் நாட்டில் நடந்தது. மீதிப் பாதி எங்க ஊர் காந்தலூரில் நடந்துகொண்டே இருப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டேலி பண்ணிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். (பேங்க் உத்தியோகம், பழக்க தோஷம்.)

முதலில் இங்கிலாந்துக் கணக்கு.

1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. வர்த்தக வாரியத் தலைவர் ஆலிவர் லிட்டில்டன் ரேடியோவில் ஓர் அறிவிப்பு செய்தார். அன்றிலிருந்து துணிக்கும் ரேஷன். முன்கூட்டியே தெரிந்தால் ஜனங்கள் கடையைக் காலி பண்ணிவிடுவார்கள் என்று பரம ரகசியமாக வைத்திருந்தார்கள். துணிக்கென்று தனிக் கூப்பன்கூட அச்சடிக்கவில்லை. உணவு ரேஷன் புத்தகத்தில் உபரியாக இருந்த மார்ஜரின் கூப்பனையே துணிக்கும் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள்!

ஒரு ஆளுக்கு முதல் வருஷம் 66 கூப்பன். பெண்களுக்கான கம்பளிக் கோட்டு ஒன்றுக்கு 14, கம்பளி கவுனுக்கு 11, ஷூவுக்கு 5, காலுறை ஜோடிக்கு 2. கூட்டிப் பாருங்கள், கோட்டும் கவுனும் ஷூவும் வாங்கினாலே 30 போச்சு. துணிக்குக் காசு தனி. அடுத்தடுத்த வருஷங்களில் இந்த 66-ம் குறைந்துகொண்டே போனது. பழைய துணிக்குக் கூப்பன் தேவையில்லை. ஆக எல்லார் கவனமும் வீட்டு அலமாரி பக்கம் திரும்பியது.

1943-இல் அரசாங்கமே ஒரு சின்னப் புத்தகம் போட்டது. பெயர் 'மேக் டூ அண்ட் மெண்ட்'. இருப்பதைக் கொண்டு சமாளி, கிழிந்ததைத் தைத்துக்கொள் என்று அர்த்தம். கம்பளியைப் பூச்சி அரிக்காமல் வைப்பது எப்படி, ஒட்டுப் போடுவது எப்படி, பழைய ஸ்வெட்டரைப் பிரித்து அதே நூலில் மறுபடி பின்னுவது எப்படி என்று பாடம். விளம்பரங்களில் 'மிஸஸ் ஸ்யூ அண்ட் ஸ்யூ' என்று ஒரு பொம்மை வந்து யோசனை சொல்லும். ஊர் ஊருக்குத் தையல் வகுப்பு நடந்தது. புருஷன் போருக்குப் போன வீடுகளில் அவருடைய கோட்டு சூட்டைப் பிரித்துப் பெண்கள் தங்களுக்கு ஜாக்கெட்டும் ஸ்கர்ட்டும் தைத்துக்கொண்டார்கள். இருட்டடிப்புக்காக ஜன்னலில் மாட்டும் கறுப்புத் துணிக்குக் கூப்பன் இல்லை என்பதால் அதுவும் உடுப்பானது.

போர் 1945-இல் முடிந்தது, துணி ரேஷன் முடியவில்லை. 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத் கல்யாணத்துக்கும் கூப்பன் கணக்குத்தான். இரக்கப்பட்டு ஜனங்கள் தங்கள் கூப்பனை அனுப்பினார்கள். ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டப்படி தப்பு என்பதால் அதைத் திருப்பி அனுப்பினார்கள். 1949 மார்ச்சில்தான் துணிக் கட்டுப்பாடு நீங்கியது.

அதே காலத்தில் நம்ம ஊரிலும் துணிப் பஞ்சம்தான். மில் துணி ராணுவத்துக்குப் போனது, விலை பல மடங்கு ஏறியது. 1943 ஜூனில் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. துணியிலேயே விலையை முத்திரை குத்தி விற்க வேண்டும் என்று சட்டம். கள்ள மார்க்கெட் அதையும் தாண்டி ஓடியது. வங்காளத்தில் மாற்றுச் சேலை இல்லாமல் பெண்கள் வெளியே வர முடியாத நிலை இருந்தது. 1948 ஜனவரியில் கட்டுப்பாட்டை எடுத்துப் பார்த்தார்கள். விலை எகிறியதும் அதே வருஷம் மறுபடி கொண்டுவந்தார்கள்.

இனி காந்தலூர்க் கணக்கு.

தெரியாதவர்களுக்கு: மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஐந்தும் சேர்ந்தது அஞ்சுநாடு. இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. 1956-இல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது கேரளத்தோடு போனது. ஆனால் வீட்டுப் பேச்சு தமிழ், துணிமணி எடுக்கச் சின்னாறு வழியாக இறங்குவது உடுமலைப்பேட்டைக்கு. கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி உயரம். பூண்டு, கேரட், ஆப்பிள் எல்லாம் விளையும். ஐப்பசி மழையும் மார்கழிக் குளிரும் சேர்ந்தால் எலும்பு நடுங்கும்.

அந்தக் குளிருக்கு எங்க ஊர் அம்மாக்களின் உடுப்பைச் சொல்கிறேன். உள்ளே பழகி மெத்தென்றான பருத்திச் சேலை. அதன் மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, பட்டன் போட்டு. தலையில் துண்டு. இடுப்பைச் சுற்றி இன்னொரு பழைய துணி. பூண்டுக் காட்டிலும் கேரட் காட்டிலும் இன்றைக்கும் பார்க்கலாம். லண்டனில் புத்தகம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததும், எங்க ஊரில் யாரும் சொல்லாமலே செய்வதும் ஒன்றுதான், ஆம்பளைத் துணி பொம்பளைத் துணியாவது. :-)

பக்கத்து மூணாறு தேயிலைத் தோட்டத்தில் கதை கொஞ்சம் வேறு. கம்பளி இல்லாமல் அங்கே பிழைக்க முடியாது. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் குடை, கம்பளி, மழைக்கோட்டு மாதிரியானவற்றை முதலாளி தர வேண்டும் என்று மாநில அரசு விதி போடலாம் என ஒரு பிரிவே வைத்தார்கள். குளிருக்குத் துணி என்பது உரிமைக் கணக்கில் வந்த இடம் அது. காட்டில் சொந்தமாக வெள்ளாமை செய்யும் வீட்டு அம்மாவுக்கு அப்படி எந்தப் பிரிவும் இல்லை.

சேலையின் ஆயுளையும் பார்த்துவிடுவோம். புதுசாக இருக்கும்போது விசேஷத்துக்கு. சாயம் மங்கினால் வீட்டுக்கு. இன்னும் நைந்தால் காட்டுக்கு. அப்புறம் கிழித்துத் தூளி, பிள்ளைக்கு விரிப்பு, தலையணை உறை. கடைசியில் அடுப்படியில் கரித்துணி. காமர்ஸ் படித்தவர்கள் தேய்மானம் என்று ஒரு பாடம் படித்திருப்பீர்கள். பத்து வருஷத்தில் மதிப்பு பூஜ்யம் என்று எழுதி முடித்துவிடுவோம். சேலைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, ஒவ்வொரு படியிலும் அதற்குப் புது வேலை கிடைக்கும். சரிகைச் சேலை என்றால் இன்னும் மேல். வெள்ளி இருக்கும் என்பதால் வாசலில் பழைய பட்டு வாங்க ஆள் வருவார். மற்றதுக்கு எவர்சில்வர் பாத்திரக்காரர். நாலு பேண்ட் போட்டு ஒரு டபரா வாங்கின கதை எல்லா வீட்டிலும் உண்டு.

இதுவரைக்கும் இரண்டு கணக்கும் டேலி ஆகிறது. ஒரே ஓர் இடத்தில்தான் உதைக்கிறது.

இங்கிலாந்தில் 66 கூப்பன் என்பது ஆளுக்கு ஆள் தனி. கூப்பன் புத்தகத்தில் அவரவர் பெயர். அம்மா தன் கூப்பனைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாம், நிறைய அம்மாக்கள் கொடுக்கத்தான் செய்தார்கள். ஆனாலும் அது அவள் பங்கு, அவள் விட்டுக்கொடுத்தாள் என்பது ஏட்டில் இருந்தது. நம்ம வீட்டில் அந்த ஏடே கிடையாது. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் புதுசு, அப்பாவுக்குப் புது வேட்டி. அம்மாவுக்கு? "இருக்கறதே போதும், இனிமே எனக்கு எதுக்கு?" இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் கை தூக்குங்கள். துணிப் பஞ்சம் போனாலும் அம்மாக்களுக்கு மட்டும் ரேஷன் எடுக்கப்படவே இல்லை. போதாக்குறைக்கு நாற்பத்தைந்து தாண்டினால் வயசுக்கேத்த கலர் என்று சந்தனமும் சாம்பலும். புருஷனை இழந்தவள் என்றால் அதுவும் போய் வெள்ளை.

இதனால்தான் 'இருப்பதை வைத்தே புதுப்பியுங்கள்' என்ற யோசனையை நான் கொஞ்சம் யோசித்துத்தான் எடுத்துக்கொள்கிறேன். துணி குவிந்து கிடக்கும் அலமாரிக்கு அது நல்ல வைத்தியம். வாழ்நாள் முழுக்க இருப்பதை வைத்தே ஓட்டின அம்மாவிடம் போய் அதைச் சொல்வது அநியாயம். அவளுக்கு வேண்டியது ஒரு நல்ல கம்பளிச் சால்வை, புதுசு.

என் மாதிரி ஆட்களுக்கு வருவோம். எங்கள் பீரோவில் நடப்பது லிஃபோ முறை. கடைசியாக வந்தது முதலில் வெளியே போகும், அடியில் இருப்பது அடியிலேயே கிடக்கும். மகளுக்கு ஆகும் என்று மடித்து வைத்த பட்டு, மடிப்பிலேயே விட்டுப்போகும். அதனால் வருஷா வருஷம் செப்டம்பரில் நான் ஸ்டாக் எடுக்கிறேன். இங்கத்திய குளிருக்கு எனக்குக் கைகொடுத்தவை:

பழைய கழுத்து மூடின ஸ்வெட்டரே ரவிக்கை. கம்பளி ஸ்கர்ட்டே உள்பாவாடை. மேலே கனமான நெகமம் பருத்திச் சேலை கட்டினால் அக்டோபர் வரைக்கும் தாராளம். பிடிக்கும் ரவிக்கையைத் தூக்கிப் போட வேண்டாம். நம்ம ஊர் டெய்லர் பக்கத்தில் உள்தையல் விட்டிருப்பார், ஒரு வரி பிரித்தால் ஒரு சுற்று கிடைக்கும். உடல் மாறும் வயசு என்று தெரிந்துதானே விட்டிருக்கிறார்! சேலைக்கு அளவே கிடையாது என்பது இந்த வயசில்தான் எவ்வளவு பெரிய வரம் என்று தெரிகிறது. உடல் நைந்து முந்தானை மட்டும் நன்றாக இருக்கும் பட்டை வெட்டிக் கம்பளித் துணியோடு சேர்த்துத் தைத்தால் கழுத்துக்குக் கதகதப்பான சால்வை. கலர் விஷயத்தில் யாரையும் கேட்காதீர்கள். இங்கே இலைகளே உதிரும்போதுதான் சிவப்பாகின்றன.

அப்படியே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் யார் யாருக்குக் கடைசியாக எப்போது புதுத்துணி எடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அம்மா பெயருக்கு நேரே வருஷம் நினைவுக்கு வரவில்லை என்றால், இந்த முறை கூப்பன் அவங்களுக்குத்தான். ஊரில் ஐப்பசி மழை ஆரம்பிப்பதற்குள் போய்ச் சேருகிற மாதிரி அனுப்பிவிடுங்கள்.