ஸ்கூபா முக்குளிப்பு (புதுக்கோட்டைக் கடற்கரை)

காற்று உருளையை முதுகில் சுமந்து நீருக்கடியில் மூச்சுவிட்டு நீந்தும் முறை. இதற்கான நவீனக் கருவியை 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கன்யானும் உருவாக்கினர். மூச்சடக்கிச் சங்கும் முத்தும் குளித்தது தமிழகக் கடலோரத்தின் பழைய தொழில். ஸ்கூபாவில் விதி நேர்மாறானது: மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று, மேற்பரப்பில் இரு மடங்காக விரியும்; அடக்கியபடி மேலேறினால் நுரையீரல் கிழியலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் ஆகிய ஊர்கள் பாக் விரிகுடாக் கரையில் உள்ளன. அங்கே கடல் ஆழமற்றது, கலங்கலானது. உல்லாசத்துக்கு வருபவர் ஏமாறுவார். ஆனால் அடியில் கடற்புல் வெளி, அதை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசு. இங்கும் தஞ்சை மாவட்டத்திலுமாக 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் இந்தியாவின் முதல் ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

ஸ்கூபா பயிற்சியின் தொடக்கநிலைச் சான்று பொதுவாக 18 மீட்டர் வரைக்கும், அடுத்த நிலை 30 மீட்டர் வரைக்கும் செல்லுபடியாகும். புதுச்சேரியிலும் அந்தமானிலும் பயிற்சி கிடைக்கிறது. சான்று பெற்றதும் பலர் ஆழத்தைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது மிதப்புக் கட்டுப்பாட்டை. எடைக் கற்களைக் குறைத்து, உடலைக் கிடையாக நிறுத்தி, மூச்சாலேயே உயரத்தைச் சரிசெய்யப் பழகாதவரின் துடுப்பு, சேற்றைக் கிளப்பிக் கடற்புல்லைப் பிய்க்கும். நெடுநாள் இடைவெளிக்குப் பின் இறங்குவோர் முதலில் நீச்சல் குளத்தில் முகக்கவச நீரை வெளியேற்றிப் பார்க்க வேண்டும்.