பருத்திக்காடும் அடுப்படியும்: சோவியத் உஸ்பெகிஸ்தானில் உழைத்த பெண்கள்

ஆணும் பெண்ணும் சம உரிமை உடையோர் என்று 1977ஆம் ஆண்டின் சோவியத் அரசியல் சட்டம் தனது 35ஆம் பிரிவில் உறுதி கூறிற்று. அது வெற்றுரை அன்று. கல்விக்கூடங்களும் ஆய்வுக்கூடங்களும் பெண்களுக்குத் திறந்திருந்தன. மருத்துவர்களில் பெரும்பாலோர் பெண்களாகவே இருந்தனர். ஆயினும் பணியிடத்தை மாற்றிய அரசு இல்லத்தை மாற்றவில்லை. 1969இல் 'நோவி மிர்' இதழில் வெளியான நத்தாலியா பரான்ஸ்கயாவின் குறுநாவல், மாஸ்கோ ஆய்வுக்கூடமொன்றில் பணிபுரியும் இளந்தாய் ஒருத்தியின் ஒரு வாரத்தைச் சித்திரித்து இவ்விரட்டைச் சுமையை வெளிப்படுத்தியது.

உஸ்பெகிஸ்தானின் கிராமங்களில் இச்சுமை மேலும் கனத்தது. அங்கே பெண் விடுதலை 1927 மார்ச் 8 அன்று 'ஹுஜூம்', அதாவது தாக்குதல், என்னும் பெயரில் மேலிருந்து தொடங்கப்பட்டது. முகத்திரைகள் பொதுவிடங்களில் எரிக்கப்பட்டன. திரை களைந்த பெண்கள் பலர் கொலையுண்டனர். அரசின் ஆணைக்கும் ஊராரின் சினத்துக்கும் இடையில் அகப்பட்டவள் பெண்ணே.

அரை நூற்றாண்டு கழிந்தபின், அவர்களுடைய பேத்திமார் கூட்டுப்பண்ணைகளில் குனிந்து பருத்தி எடுத்தனர். பருத்தி எடுக்கும் இயந்திரத்தை ஓட்டிப் புகழ்பெற்ற துர்சுனாய் அகுனோவா இருமுறை 'சோஷலிச உழைப்பு வீரர்' பட்டம் பெற்றார். ஆனால் அவர் விதிவிலக்கு. இயந்திரம் பெரும்பாலும் ஆணின் கையில் இருந்தது. கையால் எடுக்கும் வேலை பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாய்த்தது. எடுத்த பருத்தியின் எடைக்கே கூலி. செடியின் இலைகளை உதிர்க்கத் தெளிக்கப்பட்ட 'புட்டிஃபாஸ்' என்னும் நச்சு 1987இல்தான் தடை செய்யப்பட்டது.

மாலையில் வீடு திரும்பியவளுக்கு ரொட்டி சுடுவதும் தொட்டில் ஆட்டுவதும் காத்திருந்தன. பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவளுக்கு 1944 முதல் 'வீரத்தாய்' விருது வழங்கிய அதே அரசே, அறுவடைக் காலத்தில் அவளிடம் பருத்தி இலக்கையும் கேட்டது. 1980களில் வெளிப்பட்ட பருத்தி ஊழலோ, விளையாத பருத்தியும் கணக்கேட்டில் ஏற்றப்பட்டதைக் காட்டிற்று. அவளது இல்ல உழைப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

1987இல் கோர்பச்சேவ் தமது 'பெரெஸ்த்ரோய்கா' நூலில், பெண்கள் தமக்கே உரிய இல்லக் கடமைக்குத் திரும்ப வழிசெய்வது பற்றி எழுதினார். 1927இல் அவளை வெளியே அழைத்தவர்களும் 1987இல் உள்ளே அழைத்தவர்களும் பேசியது அவளைப் பற்றியே. இல்லச் சுமையில் ஆணின் பங்கு என்ன என்னும் வினா விடையின்றியே நின்றது.