நான்கு கொடிகளும் ஒரு தறியும்

ஏகபோகம் என்றதும் ஊருக்கெல்லாம் ஒருவரே சரக்கு விற்கும் சந்தைதான் நினைவுக்கு வரும். அதன் மறுமுனையிலும் ஓர் ஏகபோகம் உண்டு. அங்கே விற்பவர்கள் ஆயிரம் பேர், வாங்குபவர் ஒருவர் மட்டும். முதல் வகையில் வாங்குபவரின் பை காலியாகிறது; இரண்டாம் வகையில் உழைப்பவரின் கூலி கரைகிறது. கடலூர், சிதம்பரம் கடற்கரையின் துணி வணிகம் 18-ஆம் நூற்றாண்டில் சிக்கியது இந்த இரண்டாம் வகையில்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு முதலாம் எலிசபெத் ராணி பட்டயம் வழங்கிய நாள் 1600 டிசம்பர் 31. நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே வேறெந்த ஆங்கிலேயரும் வணிகம் செய்யக்கூடாது என்றது அந்தப் பட்டயம். லண்டனில் அதற்கு மதிப்பு இருந்தது. சோழமண்டலக் கரையில் அது வெறும் காகிதம். டச்சுக்காரர்கள் 1608 வாக்கிலேயே செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தேவனாம்பட்டினத்தில் கால் வைத்திருந்தார்கள். 1620-இல் தரங்கம்பாடிக்கு டேனியர்களும், 1674-இல் புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். ஆங்கிலேயர் கடலூர்ப் பக்கம் குடியேறியது 1680-களில்தான். 1690-இல் சென்னை ஆளுநர் எலிஹு யேல், செஞ்சியில் இருந்த மராத்திய மன்னர் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினார். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலமும் சேர்த்து என்பது பேரம். எவ்வளவு தூரம் சுடுவது என்பது பீரங்கிக்காரரின் சாமர்த்தியத்துக்கு விடப்பட்டது. கடலூர் அந்த எல்லைக்குள் வந்தது. சுற்றியிருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நிலைத்தது. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள்.

நிலத்தைக் குண்டு போட்டு அளக்க முடிந்தது. நெசவாளரை அப்படி வளைத்துப் பிடிக்க முடியவில்லை. இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கும் பரங்கிப்பேட்டை அன்று பெரிய துறைமுகம். அங்கிருந்து மரைக்காயர் கப்பல்கள் அச்சே, மலாக்கா வரை துணி ஏற்றிச் சென்றன; டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அங்கே கிட்டங்கி வைத்திருந்தார்கள். ஆக, புதுச்சேரிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே, இரண்டு நாள் நடையில் அடங்கும் தூரத்துக்குள், ஒரே தறித் துணிக்குப் பல வாசல்கள் திறந்திருந்தன.

இந்தப் போட்டியின் பலன் முன்பண ஏற்பாட்டில் தெரிந்தது. கும்பினிகள் தறிக்காரரிடம் நேராகப் போகவில்லை. உள்ளூர் வணிகர்களிடம் பணம் கொடுத்தார்கள். வணிகர்கள் தரகர் வழியாக நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து நூல் வாங்கவும் வீட்டுச் செலவுக்கும் வழிசெய்தார்கள். வேறொருவர் கூடுதல் விலை சொன்னால், நெசவாளர் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். கொடுத்த வணிகரோ நினைத்தபோது பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. கெடுபிடி கூடினால் கைக்கோளரும் தேவாங்கரும் சேணியரும் தறியைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வரிச்சலுகை தந்து வரவேற்கப் பக்கத்துப் பாளையங்கள் காத்திருந்தன. அன்றைய தென்னிந்திய நெசவாளரின் வாழ்க்கைத் தரம் இங்கிலாந்து நெசவாளருக்குச் சற்றும் குறைந்ததல்ல என்று வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி வாதிடுவதற்கு இந்தப் பேர வலிமையே அடிப்படை.

ஆங்கிலேயருக்குள்ளேயே கும்பினியின் உரிமையை மீறியவர்கள் இருந்தார்கள். பட்டயத்தை மதிக்காமல் தனிக்கப்பல் ஓட்டிய அத்துமீறிகளில் பேர்பெற்றவர் தாமஸ் பிட். அவரை அடக்க முடியாத கும்பினி கடைசியில் அவரையே 1698-இல் சென்னை ஆளுநராக்கியது. அதே ஆண்டு லண்டனில் நாடாளுமன்ற ஆதரவோடு போட்டிக் கும்பினி ஒன்று பிறந்தது. அதன் சார்பாக மசூலிப்பட்டினத்துக்கு வந்தவர் தாமஸ் பிட்டின் உறவினரான ஜான் பிட். ஒரு காலத்தில் ஏகபோகத்தை உடைத்தவர் இப்போது அதன் காவலராக நின்று சொந்தக்காரரோடு மல்லுக்கட்டினார். இரண்டு கும்பினிகளும் 1709-க்குள் ஒன்றாகிவிட்டன. இணைப்பால் போட்டி ஒழியும் கதை அன்றே அரங்கேறியாயிற்று.

மற்றக் கொடிகளை இறக்கியது வணிகத் திறமையல்ல, போர். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதால் 1752 வரை புனித டேவிட் கோட்டையே கும்பினியின் தலைமையிடம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார். கெடிலம் ஆற்று முகத்துவாரத்தருகே எஞ்சியிருப்பது அந்த இடிபாடுதான். ஆனால் 1760 வந்தவாசித் தோல்வியும் அடுத்த ஆண்டு புதுச்சேரியின் வீழ்ச்சியும் பிரெஞ்சு வணிகத்தின் முதுகெலும்பை முறித்தன. டச்சுக்காரர்களிடமிருந்து 1781-இல் நாகப்பட்டினம் போயிற்று. நெசவாளருக்குத் திறந்திருந்த வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

பிறகு கும்பினி இடைவணிகர்களை விலக்கிவிட்டு, குமாஸ்தாக்களை வைத்து நேரடியாக முன்பணம் கொடுக்கத் தொடங்கியது. கும்பினிப் பணம் வாங்கிய தறியில் வேறு யாருக்கும் நெய்யக்கூடாது; மீறினால் சேவகர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகும் பழைய உரிமை செல்லாக்காசானது. விலை, தரம், கழிவு மூன்றையும் வாங்குபவரே தீர்மானித்தார்.

நட்டம் தறியோடு நிற்கவில்லை. ஒரு தறிக்கு நூல் தர வீடுகளில் பல பெண்கள் நூற்க வேண்டும். அவர்கள் வருமானமும் சேர்ந்து சுருங்கியது. அதைவிடப் பெரிய மாற்றம் வெள்ளியில். போட்டிக் காலத்தில் துணிக்கு ஈடாக ஐரோப்பாவிலிருந்து வெள்ளி கப்பல் கப்பலாக வந்து இறங்கி உள்ளூர்ச் சந்தைகளில் புழங்கியது. நிலவரி வசூல் கும்பினி கைக்கு வரவர அந்தத் தேவை குறைந்தது. உழவரிடம் வாங்கிய வரியிலேயே நெசவாளரின் துணியை வாங்கி ஏற்றுமதி செய்ய முடிந்தது. 1801-இல் கர்நாடக நவாபின் ஆட்சிப் பகுதி முழுவதும், தென்னார்க்காடு உட்பட, கும்பினியிடம் வந்தது.

1813-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்திய வணிகத்தில் கும்பினியின் தனியுரிமையை ரத்து செய்தது; தேயிலையும் சீன வணிகமும் மட்டும் 1833 சட்டம் வரை அதனிடம் நீடித்தன. கதவு திறந்தபோது உள்ளே வந்தது துணி வாங்குபவர் கூட்டமல்ல, லங்காஷயர் ஆலைத் துணி. இந்தியத் துணிக்கு இங்கிலாந்தில் கடும் சுங்கம் இருக்க, ஆலைத் துணி இங்கே சொற்பச் சுங்கத்தில் இறங்கியது.

துணியில் ஏகபோகம் முடியும் முன்பே உப்பில் அது தொடங்கியிருந்தது. 1805-இல் சென்னை மாகாண அரசு உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. கடற்கரை அளங்களில் விளைவிப்பவர்கள் அரசு நிர்ணயித்த குடிவாரம் என்ற கூலிக்கு உப்பை அரசிடமே ஒப்படைக்க வேண்டும். மக்கள் அரசு வைத்த விலைக்கு வாங்க வேண்டும். இங்கே வாங்குபவரும் ஒருவரே, விற்பவரும் அவரே. கும்பினி மறைந்து அரசியின் ஆட்சி வந்த பின்னும் உப்பின் மீதான வரி நீடித்தது. 1947-இல்தான் அது நீங்கியது.