ரோஸ் சீட்டும் பச்சைச் சீட்டும்

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் எங்கள் முள்ளிப்பட்டு ஊரில் வாக்காளர் கையில் நாலு சீட்டு கொடுப்பார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு ரோஸ், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நான் பட்டுத்தறியிலேயே காலம் தள்ளியவன், நிறம் மறக்காது. அமெரிக்காவின் ஆட்சிமுறை ரோஸ் சீட்டிலும் டெல்லியின் ஆட்சிமுறை பச்சைச் சீட்டிலும் இருக்கிறது என்பேன்.

ரோஸ் சீட்டில் முத்திரை குத்தினால் தலைவரை நேராக நாமே தேர்ந்தெடுக்கிறோம். உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒன்று சேர்ந்தாலும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு அவரை இறக்க முடியாது. புகார் கலெக்டருக்குப் போகவேண்டும். அவர் தலைவரிடம் விளக்கம் கேட்பார், தாசில்தார் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார், பிறகுதான் முடிவு. அமெரிக்க அதிபரை நாலு வருஷத்துக்கு நடுவில் இறக்குவதும் இதுபோலப் பெரும்பாடுதான்.

அதற்காகத் தலைவர் தனிக்காட்டு ராஜா இல்லை. ஊராட்சிச் செக்கில் அவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போடவேண்டும். துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள். இருவருக்கும் ஆகாது என்றால் செக் நகராது. தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் காத்துக் கிடக்கும். வாஷிங்டனில் அதிபரும் நாடாளுமன்றமான காங்கிரசும் முறைத்துக்கொண்டால் பட்ஜெட் நிற்கிறதே, அதே கதை.

பச்சைச் சீட்டின் கணக்கு வேறு. நாம் தேர்ந்தெடுப்பது கவுன்சிலரை மட்டும். அவர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைச் சேர்மன் ஆக்குவார்கள். போதிய கவுன்சிலர்கள் எதிர்த்தால் அவர்களே இறக்கவும் முடியும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது இந்த முறையில்தான். நெசவாளிக்கு இது புதிதும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்கள் இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்போம், இயக்குநர்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

1986 தேர்தலில் ஒன்றியச் சேர்மனையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் அதை மாற்றியது. ஒன்றியத்திலும் மாவட்டத்திலும் உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே கட்டிப்போட்டது. கிராம ஊராட்சியை மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டது. தமிழ்நாட்டின் 1994 சட்டம் நேரடித் தேர்தலை வைத்துக்கொண்டது.

நகராட்சிக்கு அந்தக் கட்டு இல்லை. அதனால் பக்கத்து ஆரணியில் நடந்ததைப் பாருங்கள். 1996, 2001 தேர்தல்களில் நகராட்சித் தலைவரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் கவுன்சிலர்கள். 2011-இல் மறுபடி மக்கள். 2019 நவம்பரில் இந்த முறையை மாற்ற அவசரச் சட்டம் வந்தது. 2022 மார்ச் 4 அன்று திரும்பவும் கவுன்சிலர்கள். ஆட்சிக்கு வந்த கட்சிக்கு எது தோதோ அதுவே சட்டம். பாவு ஓடிக்கொண்டிருக்கும்போது டிசைனை மாற்றினால் புடவை என்ன ஆகும்?

இலங்கையில் இப்படி முறையை மாற்றுவது நாடு முழுவதற்குமே நடந்தது. 1978-இல் ஜே.ஆர்.ஜயவர்தன நாடாளுமன்ற முறையிலிருந்து நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி முறைக்கு மாற்றினார். அந்தப் பதவியை ஒழிப்போம் என்று வாக்குறுதி கொடுத்தவர்களே பிறகு அதில் உட்கார்ந்தார்கள். பதவி இன்னும் ஒழிந்தபாடில்லை.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்த இரண்டு முறைகளையும் அலசினார். அதிபர் முறையில் ஆட்சி நிலைக்கும். நாடாளுமன்ற முறையில் ஆட்சி தினந்தோறும் பதில் சொல்லியாக வேண்டும். நிலைத்தன்மையையும் பொறுப்பையும் சம அளவில் தரும் முறை இல்லை என்றவர், பொறுப்புக்கே முதலிடம் கொடுத்தார். பெரிய சபைக்கு அது சரி. ஆனால் கவுன்சிலர் எண்ணிக்கை கைவிரலுக்குள் அடங்கும் இடத்தில், நாலு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனால் ஊரின் தீர்ப்பே மாறிவிடும். சின்ன ஊருக்கு ரோஸ் சீட்டு நல்லது என்பது என் கட்சி.

எதிர்க்கட்சி பேசுகிறவர்களும் இருக்கலாம். ஆனால் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்டத்தில் ஊராட்சிகளின் ஐந்து வருஷப் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. அந்த நாற்காலிக்கு ரோஸும் கிடையாது, பச்சையும் கிடையாது. எந்த முறை உசத்தி என்று வாதாடுவதற்கு முன்னால், காலம் தவறாமல் தேர்தல் நடத்து என்று கேட்போம்.